கிதாரின் முதுகில் நீலம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களா. உவரியில் ஜெபகனி என்கிற பெண்ணுக்கு ஒரு பிற்பகலில் உயிர் போய் உயிர் வந்த கதை இது.

அவள் புருஷன் ஜெய்சனின் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் அடியோடு கெட்டுப்போனது. வேறு எஞ்சினுக்கு வழி பிறக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவன் பஹ்ரைனுக்கு விமானம் ஏறவேண்டும். மூன்று வருடம் அங்கே கூலிக்கு மீன்பிடிப்பு. இருந்த வழி ஒன்றுதான்: கப்பலில் வேலைபார்த்த மாமனார் அறுபது வருடத்துக்கு முன் வாங்கிவந்த எலெக்ட்ரிக் கிதார். பழைய கிதார்களைத் தேடிச் சேர்க்கும் மேலப்பாளையம் அலி அஸ்கர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

கோயில் கொடியேற்றத்துக்கு முன் வள்ளங்களுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது அந்தக் கரையின் வழக்கம். வருகிறவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டுமே என்று ஜெபகனி மிச்சமிருந்த நீலப் பெயிண்டை எடுத்தாள். கிதாரின் முதுகு முழுக்க அடித்து முடித்த நேரம் ஜெய்சன் போன் செய்தான்.

"ஏட்டி, அதத் தொடச்சிகூட வைக்காத. பழைய பூச்சு அப்படியே இருக்கதுக்குத்தான் அவரு வாராரு."

அவள் வாய் திறக்குமுன் வாசலில் கார் நின்றது.

அலி அஸ்கரை முன்னறையில் உட்காரவைத்து, சாயா கொடுத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். அங்கே கிதாரில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அலமாரியில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டில் இருந்தது. துணியை நனைத்தாள். ஒரே துடை, யாருக்குத் தெரியப்போகிறது?

"கிதாரப் பையப் பைய எடுத்துட்டு வாங்க தங்கச்சி," முன்னறையிலிருந்து குரல் வந்தது. "வெளிப் பூச்சும் உள்ள ஒயரும் யாரும் தொடாம இருந்தா போதும். அந்தக் காலத்துச் சுருள் கம்பி ஒண்ணு மாதிரி ஒண்ணு பாடாது. ஒங்க மாமா கை ஒரசித் தேஞ்ச எடம் இருக்காமே, அத எந்தப் பட்டறையிலயும் செய்ய முடியாது."

துணியிலிருந்து தின்னர் காலில் சொட்டியது. இத்தனை ஆசையாக வந்த மனிதரிடம் மறைத்து விற்பதா? துணியும் கையுமாகவே முன்னறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, தப்பு பண்ணிட்டேன். அதுக்கு முதுகுல வள்ளத்துப் பெயிண்ட அடிச்சிட்டேன்."

அலி அஸ்கர் முகம் இருண்டது. காற்றை மோந்து பார்த்தார். "கையில என்ன, தின்னரா? அத மொதல்ல கீழ வைங்க. கிதாருல பட்டுச்சா?"

"இல்ல."

"உப்புத்தாள் போட்டுத் தேச்சீங்களா?"

"அதுக்கு நேரமில்ல அண்ணாச்சி."

"நேரமில்லாமப் போனதும் நல்லதுதான். தின்னரு பட்டிருந்தா பழைய பூச்சும் சேந்து கரைஞ்சிருக்கும். மண்ணெண்ணெய் இருக்கா?"

அவள் கொண்டுவந்த மண்ணெண்ணெயில் வேறு துணியை நனைத்து, அவர் அழுத்தாமல் துடைத்தார். நீலம் துணியில் ஏற ஏற, கருப்பட்டி நிறத்து ஓரம் தெரிந்தது. நடுவில் தேன் நிறம், மேலெல்லாம் முடிபோன்ற வெடிப்புகள். இரண்டு வெடிப்பில் மட்டும் நீலம் போகவேயில்லை.

பிறகு கிதாரின் மூடியைக் கழற்றி, உள் ஒயரை டார்ச் அடித்துப் பார்த்தார். கொண்டுவந்த சிறு ஸ்பீக்கரில் இணைத்து ஒரு தடவை மீட்டினார். அந்த நாதம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"இந்த நீலத்துக்கு வெல கொஞ்சம் குறைப்பேன். ஆனாலும் எஞ்சினு வாங்கப் போதும். வெடிப்புல மிச்ச நீலம் இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒளிக்கலைங்கதுக்கு அடையாளம்."

ஜெபகனி ஜெய்சனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, ஞாயித்துக்கெழம பூசைக்கு இங்கனதான் இருப்பீங்க."

கேட்டிருந்த கண்ணுகளே, உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் விளக்கு வைக்கும் முன் திரும்பி வரட்டும். அவர்களுக்கு எடுத்துவைத்த சோறு ஆறாமல் இருக்கட்டும்.