கழுகுக்கு வைத்த மஞ்சள்

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மணைமேல் பிள்ளைகளின் புதுத்துணிகளோடு என் ஜெர்மனி சட்டையும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நெஞ்சில் கழுகுச் சின்னம். கழுகின் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். அதன் நடுவில் குங்குமம் வேறு.

சாதாரணச் சட்டையா அது? எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கள் சுரங்கத்தில் மண் தோண்டும் ராட்சத இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இன்ஜினீயர் வெர்னரின் தம்பி, ஜெர்மனியின் இளைஞர் அணியில் கால்பந்து ஆடியபோது போட்டது. ஏற்கெனவே ரஷ்யச் சட்டை ஒன்று, ஹங்கேரிச் சட்டை ஒன்று என் டிரங்குப் பெட்டியில் பூச்சி உருண்டையோடு பத்திரமாக இருக்கின்றன. சும்மா கொடுப்பார்களா? தீபாவளிக்கு எனக்கென்று துணி எடுக்காமல், அதற்குப் பதில் யாராவது ஒரு வெள்ளைக்காரருக்குப் பட்டு ஜிப்பா தைத்துக் கொடுப்பேன். வெர்னருக்கு மட்டும் இரண்டு. வாங்கிய சட்டை எதையும் நான் உடம்பில் போட்டதில்லை. போட்டுவிட்டால் அது வெறும் சட்டைதான்.

முந்தின நாள் வெர்னர் ஊருக்குக் கிளம்பும்போது இதைக் கொடுத்தார். பெட்டிச் சாவியை நான் சுரங்கத்து லாக்கரில் மறந்துவிட்டேன். ஒரு நாள்தானே என்று பீரோவில் புதுத்துணிகளுக்கு மேலேயே வைத்தேன். புத்தி எங்கே போச்சோ!

"யாருடி இதுல கை வச்சது?"

என் மனைவி அம்சவல்லி அடுப்படியிலிருந்து சிரித்த முகமாக வந்தாள். "நான்தாங்க. புதுத்துணிக்கி மஞ்சள் வைக்க வேணாமா? காலரு கறுப்பா இருந்திச்சி, தெரியாதேன்னு நெஞ்சுல வச்சேன்."

குழாயடிக்கு ஓடினேன். பார் சோப்பைப் போட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறித் தொலைத்தது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது. பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாங்கம் குடையும் கையுமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "வெயில்ல காயப் போடுங்க, தானா வெளுத்துடும்" என்றார். மூன்று நாளாக மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலாம் வெயில்!

உள்ளே வந்து கத்தினேன். ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா, கண்ணில் பட்டதற்கெல்லாம் மஞ்சள் வைப்பாயா என்று என்னென்னவோ கத்தினேன். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"நாலு தீபாவளியா பழசையே தொவச்சிப் போட்டுக்கினு நிக்கிறீங்க. கேட்டா எனக்கெதுக்குப் புதுசுங்கிறீங்க. பீரோவுல இதப் பாத்ததும், இந்த வருசமாச்சும் உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்துக்கினீங்கன்னு நெனச்சேன். அந்த சந்தோசத்துல வச்சிட்டேங்க."

ஜிப்பா விஷயத்தை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

கோபம் போகவில்லை. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஈரத்தோடு சட்டையைத் தலைவழியாக மாட்டினேன்.

திருவதிகையில் மாமனார் வீட்டு விருந்துக்கு அதோடுதான் போனேன். வடலூரில் மாறி ஏறிய பஸ்ஸில் நிற்கத்தான் இடம். துருக் கம்பியில் தோள் உரசியது. யார் பெற்ற பிள்ளையோ, அதிரசம் தின்ற கையை என் முதுகில் துடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்சவல்லி வழியெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். இந்தப் பார்வைக்கு அவளை நாலு வருஷம் காக்க வைத்திருக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.