மூன்றாவது கொட்டேஷன்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் கிடைத்தது. ஒரு செய்தித் தொலைக்காட்சியில் பயிற்சிச் செய்தியாளர் வேலைக்கு நேர்காணல். இடம் இரண்டு, விண்ணப்பம் நானூற்றுப் பன்னிரண்டு. எழுத்துத் தேர்வு, குழு விவாதம், குரல் தேர்வு என்று சலித்துச் சலித்துக் கடைசியில் நாற்பது பேர் மிஞ்சினார்கள். அவர்களைக் கேள்வி கேட்க மூன்று நாற்காலிகள். நடுவில் தலைமை ஆசிரியர், அவருக்கு வலப்பக்கம் மனிதவள அதிகாரி அம்மா, இடப்பக்கம் வெளியாள் என்ற முறையில் நான். எனக்கென்று ஒரே ஒரு கேள்வி ஒதுக்கியிருந்தார்கள்: "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" முதலில் வந்த முப்பத்தாறு பேரும் "இதே நிறுவனத்துல" என்றார்கள். அதில் பன்னிரண்டாவதாக வந்த பையன் என் நாற்காலியை அளவெடுத்துக்கொண்டே சொன்னான்.

இது முப்பத்தேழாவதாக வந்தவளின் கதை. அறைக்குள் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். அவள் வீட்டில் நடந்தது, அவள் சொன்ன நாலு வரியை வைத்து நான் கட்டிய கோட்டை.

2.

முதல் தொடக்கம்: "கண்களில் கனவுகளைச் சுமந்தபடி அந்த இளம்பெண்..." வேண்டாம். அவள் கண்ணில் அன்று தூக்கக் கலக்கம்தான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "ஊடகம் என்பது சமூகத்தின்..." இதே வரியை அன்று காலையில் ஒன்பது பேர் வாயால் கேட்டாயிற்று. முடிக்கக் கை வரவில்லை.

மூன்றாம் தொடக்கம்: லிஃப்ட் ஓடவில்லை.

இது போதும். இதிலிருந்து போவோம்.

3.

பிறந்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு நர்ஸ் ஓடிவந்தாளாம். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு மைக் என்று பெயர். இந்தத் தேர்வை அவள் எழுதுவது மூன்றாவது தடவை. வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இதுவும் கைவிட்டுப் போனால், சித்தப்பாவின் கூரியர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி துடைத்துத் தயாராக இருந்தது. "பார்சல் எங்க வருது" என்று போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் நாற்காலி.

அழைப்புக் கடிதத்தில் ஒரு நிபந்தனை: "உங்கள் சுற்றுப்புறத்திலிருந்து, இதுவரை வெளிவராத ஒரு செய்தியுடன் வரவும். எல்லாத் தரப்பும் இடம்பெற வேண்டும்."

மைக்கின் வீடு ஐந்தாவது மாடி. கட்டடத்தின் லிஃப்ட் நின்று பதினோரு மாதம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், எதை வாங்குவதானாலும் பழுதுபார்ப்பதானாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பவர். தான் வேலை பார்த்த அலுவலகத்தில் கண்காணிப்பாளராக முப்பது வருடம் கட்டிக் காத்த விதி அது. ஊரில் லிஃப்ட் வேலை செய்பவர்கள் இரண்டே பேர். மூன்றாவது கொட்டேஷனுக்காக லிஃப்ட் நின்றது, ஜனங்கள் நடந்தார்கள்.

செய்தி கையிலேயே இருந்தது. ஒரே ஒரு சிக்கல். அந்தச் செயலாளர் அவளுடைய அப்பா.

4.

(இங்கிருந்து என் கற்பனை.)

சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. அப்பாதான் தலைமை ஆசிரியர். அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரி என்பதால், வாசலில் நின்று "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடும் பொறுப்பு அவளுக்கு.

மைக் செய்தியைச் சொல்லி முடித்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"செயலாளர் தரப்பு என்ன?"

"இன்னும் கேக்கல சார்."

"கேக்காமலே எழுதிட்டீங்களா? பாதிச் செய்தியத் தூக்கிட்டு என் முன்னாடி வந்து நிக்கிறீங்க?"

"அவரு பேச மாட்டாரு சார்."

"பேச வைக்கிறதுதான்மா உன் வேலை. அந்த ஆளு என்ன பெரிய கொம்பனா?"

அம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, இருமி முடிப்பதற்குள் அப்பா உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது சட்டையின் மேல் பொத்தான் போட்டிருந்தது, கக்கத்தில் ஃபைல் இருந்தது. இப்போது செயலாளராக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேளுங்க. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"ஏன் சார் பதினோரு மாசமா லிஃப்ட் ஓடல?"

"நடைமுறை நடந்துட்டிருக்கு. ஒரு கொட்டேஷன் வரணும்."

"எங்கேருந்து?"

அப்பா ஃபைலைப் புரட்டத் தொடங்கினார். (பதினோரு மாதத்தில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அம்மா தினமும் கேட்டிருப்பாள். அம்மா கேட்பது கேள்வியில் சேராது.)

"அடுத்தவங்க வாங்க" என்றாள் அம்மா.

5.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. வேலைக்காகப் பெற்ற அப்பாவையே சந்திக்கு இழுக்கிறவளை எப்படி நம்புவது? இரண்டு நாள் கதையைத் தொடவில்லை. பிறகு ஒரு சின்னக் காட்சி எழுதினேன், மனசு ஆறியது.

"அப்பா, நிஜமாவே இதைச் சொல்லிடட்டுமா?"

"என் பேரு வருமா?"

"பதவி மட்டும் வரும்."

"பதவிய சரியாப் போடு. கௌரவச் செயலாளர்" என்றார். பிறகு உட்கார்ந்து தன் தரப்பை மூன்று பிரதி எழுதி, சங்கத்தின் முத்திரை குத்தி, ஒன்றை அவளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

(அந்தத் தாள் கற்பனை இல்லை. என் கையில் வாங்கிப் பார்த்தேன். "விதிமுறைகளின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று இருந்தது.)

6.

நேர்காணல் நாள். காத்திருப்பு அறையில் மைக்குக்கு முன்னால் இன்னும் ஒரே ஒருத்தர். போனை அணைக்க எடுத்தாள். அப்பாவிடமிருந்து செய்தி வந்திருந்தது:

"லிஃப்ட் இன்று காலை 9.15 முதல் இயங்குகிறது. கதவு சுவிட்ச் மட்டுமே பழுது. நாற்பது நிமிட வேலை. இரண்டு கொட்டேஷனை வைத்தே கையெழுத்திட்டுவிட்டேன். தகவலுக்காக."

முப்பது வருட விதியை மனுஷன் முறித்துவிட்டார். கூடவே, மகள் கையிலிருந்த செய்தியையும். மாற்றுச் செய்தி ஒன்றும் அவளிடம் இல்லை. கேள்வி கேட்கும் மூன்று பேரும் அந்தக் கட்டடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கப்போவதில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"முப்பத்தேழு" என்று கூப்பிட்டார்கள்.

7.

(இனி எல்லாம் நான் பார்த்தது.)

அருமையாகச் சொன்னாள். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவர்கள், முத்திரை குத்திய தாள், எல்லாம் வந்தது. தலைமை ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் அப்படி உட்காரவில்லை.

"பலே. நாளைக்கே கேமரா அனுப்பலாம் போலிருக்கே!"

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"அனுப்பாதீங்க சார். ஒரு திருத்தம் இருக்கு. இவ்வளவு நேரம் நான் சொன்னது காலைல ஒன்பதே கால் வரைக்கும்தான் உண்மை."

போனில் வந்த செய்தியை, "தகவலுக்காக" என்பது வரை அப்படியே ஒப்பித்தாள்.

"செயலாளரே உங்களுக்கு மெசேஜ் அனுப்புறாரா?" என்றார் மனிதவள அதிகாரி.

"எங்கப்பா மேடம்."

"அப்ப உங்ககிட்ட செய்தியே இல்லையேம்மா" என்றார் தலைமை ஆசிரியர்.

"இப்பதான் சார் இருக்கு. நாப்பது நிமிஷ வேலை எப்படிப் பதினோரு மாசம் நின்னுச்சு? அவ்வளவு நாள் விட்டுக்கொடுக்காத மனுஷன் ஏன் இன்னைக்கு விட்டுக்கொடுத்தாரு?"

"யார்கிட்ட கேப்பீங்க?"

"அவருகிட்டதான். வீட்டுக்குப் போனதும். அழாம கேக்க முடிஞ்சா."

குரல் தேர்வில் முதலிடம் வாங்கிய குரல் அந்தக் கடைசி வரியில் உடைந்தது. நான் என் கேள்வியை அவசரமாக எடுத்துவிட்டேன். "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

"அஞ்சாவது மாடியிலதாங்க. லிஃப்ட்தான் வந்துடுச்சே" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

8.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) வேலை கிடைக்கிறது. அப்பா நியமனக் கடிதத்துக்கு மூன்று பிரதி எடுக்கிறார். அழகாக இருக்கிறது, அதனாலேயே பயமாக இருக்கிறது.

(ஆ) கிடைக்கவில்லை. கூரியர் அலுவலகத்தில் போன் அடிக்கிறது. அவள் எடுத்து, "உங்க பார்சல்..." இதை முடிக்க மாட்டேன்.

நிலவரம் இதுதான். தலைமை ஆசிரியர் பத்துக்கு எட்டு போட்டார். சொந்த அப்பாவைப் பற்றிய செய்தி என்று முதலிலேயே சொல்லவில்லை என்பதால் மனிதவள அதிகாரி ஐந்து. முதல் இடம் வேறொரு பெண்ணுக்கு முடிவாகிவிட்டது. இரண்டாம் இடத்துக்கு இவளும் என் நாற்காலியை அளவெடுத்த அந்தப் பையனும் அவர்கள் இருவர் போட்டதில் சரிக்குச் சரி. அவனுக்கு நான் ஏற்கெனவே ஆறு போட்டுவிட்டேன். இவளுக்கான என் கட்டம் காலி. நாளை காலை பத்து மணிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும்.

போட்டுவிட்டுப் போயேன் என்கிறீர்கள். அங்கேதான் சங்கடம். நான் இருப்பது ஏழாவது மாடி. எங்கள் லிஃப்ட் நின்று ஒன்பது மாதம். எங்கள் சங்கத்தின் கௌரவச் செயலாளர் யார் என்று கேட்காதீர்கள். அவளுக்குப் பத்து போட்டாலும் குற்ற உணர்ச்சியில் போட்டதாகும், இரண்டு போட்டாலும் எரிச்சலில் போட்டதாகும். சொந்தச் சம்பந்தத்தை முதலிலேயே சொல்லாததற்கு அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. நான் எட்டாவது பகுதியில் வந்து சொல்கிறேன்.

நேர்காணல் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஏழு மாடியும் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றேன். நின்ற இடத்திலெல்லாம் அவள் குரல் "எங்கேருந்து?" என்று கேட்டது.

லிஃப்ட்காரரின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். இப்போது அவரைக் கூப்பிடப் போகிறேன். தாள் மேசைமேல் இருக்கிறது, முப்பத்தேழுக்கு நேரே கட்டம் காலி. உங்களுக்கும் லிஃப்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்றால், இந்தாருங்கள் பேனா.