மாசானத்தின் ரத்தம் நார்மல்

1.
இந்தக் கதை எனக்கு ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. வேலை முடிந்து திரும்பிய என் தங்கை ஷெர்லின் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் அடங்கவில்லை. எழுத்து தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: ‘காலைப் பனியில் கம்பெனி பஸ்கள் வரிசையாக...’

(சீ! ஒரு உயிர் ஊசலாடும்போது எனக்குப் பனி எதற்கு?)

2.
கொஞ்சம் பாடம். நம் செல்லுக்குள் லைசோசோம் என்ற குட்டிப் பைகள் உண்டு. கழிவைக் கரைக்கும் நொதிகள் அவற்றுக்குள் அடைபட்டிருக்கும். கல்லீரலில் புற்றுக்கட்டி வந்தால் அந்தப் பைகள் பலவீனமாகலாம். நொதிகள் கசிந்து, பக்கத்துத் திசுவை அரித்து, கட்டி பரவ வழி போட்டுக் கொடுக்கும். (இங்கே ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன். விஷயமே போதுமான அளவு பயங்கரம்.) ஃபியூகோசிடேஸ் என்ற நொதி ரத்தத்திலும் ஏறும். அதை அளக்கும் கிட் தயாரிக்கும் கம்பெனியில்தான் ஷெர்லினுக்கு வேலை.

3.
அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு பேட்ச் கிட்டையும் நோயில்லாதவர் ரத்தத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். வாங்கி வைத்தது தீர்ந்துவிட்டால், பேக்கிங்கில் இருக்கும் மாசானத்திடம் எடுத்துக்கொள்வார்கள். தூத்துக்குடிப் பக்கத்து இளைஞன், குடிப்பழக்கம் கிடையாது. லேபில் அவன் பெயரே ‘நார்மல்’.

திடீரென்று நார்மலிலேயே நொதி எகிறியது. அடுத்த பேட்சிலும் அப்படியே. சூப்பர்வைசர் வெங்கடேசன் ஷெர்லினைப் பார்த்துக் கத்தினார்:

“கெமிக்கல இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? எல்லாத்தயும் கீழ ஊத்து!”

ஊற்றினார்கள். கெமிக்கலைச் சந்தேகப்பட்டார்கள், மெஷினைச் சந்தேகப்பட்டார்கள், ஷெர்லினையும் விட்டுவைக்கவில்லை. மாசானத்தை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவன்தான் நார்மலாயிற்றே!

அவன் லீவில் போனபோது ஷெர்லின் தன் ரத்தத்தையே ஓட்டினாள். கிட்டில் ஒரு கோளாறும் இல்லை.

4.
“மெஷின் நல்லாத்தான் கீதுண்ணா. அவன்தான்...” ஆட்டோவில் ஷெர்லின் குரலைத் தாழ்த்தினாள். “வெங்கடேசன் சாரு, ‘நாம டாக்டரா? வேல செய்றவன் ரத்தத்த எடுத்தது வெளிய தெரிஞ்சா ஆடிட்ல மாட்டிக்குவோம், வாய மூடிகினு இரு’ன்றாரு.”

“நீ அவன்கிட்ட சொல்லலையா?”

“எப்டிண்ணா சொல்றது? வேற எதுனாலயும் ஏறலாமாம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். லேட் பண்ணா...”

அவள் அழுதாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருவனின் ரத்தம் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, இவர்கள் கெமிக்கலைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

5.
முடிவு ஒன்று: ஸ்கேனில் எதுவும் இல்லை. (ஆசைதான்.)

முடிவு இரண்டு: கட்டி சின்னது, அறுத்து எடுத்துவிட...

முடிவு மூன்று: (எழுத மாட்டேன்.)

இந்த இடத்தில் போன் அடித்தது. ஷெர்லின். லீவு முடிந்து வந்த மாசானம் அவள் எதிரே நிற்கிறான் போல. சிரித்துக்கொண்டே கேட்கிறான்:

“எக்கா, நான் இல்லாத அன்னைக்கு பேட்ச் பாஸாயிட்டாம்லா! அப்போ கோளாறு எங்கிட்டதான் போலுக்கு?”

“அண்ணா,” என்கிறாள் ஷெர்லின் ரகசியமாக, “இன்னா சொல்லட்டும்?”

எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியவன் நான். மூன்று வரி எழுதினேன், மூன்றையும் அடித்துவிட்டேன். லைன் இன்னும் கட் ஆகவில்லை. நீங்களே சொல்லுங்கள், அவன் சிரிப்பு நிற்பதற்குள்.