கல்யாண விருந்தில் கைமாறிய ஆட்டக்காரர்

என் கணவர் ருப்பெர்த்தோ பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடினார். எட்டு கம்பெனி அணிகள். அத்தனை வருடத்திலும் அவரை வேண்டுமென்று கேட்டு வாங்கியவர் யாருமில்லை. வேறு யாரையோ பேரம் பேசி வாங்கும்போது கூடவே வந்து சேர்வார்.

எங்கள் கல்யாணம் பாசிக் ஊர்த் தேவாலயத்தில் நடந்தது. அப்போது அவர் பெயின்ட் கம்பெனி அணியில் இருந்தார். அதன் மேனேஜர் தஞ்சோக்கோதான் கல்யாணத்துக்கு முதல் சாட்சி. அதனால் எங்களுக்கு அவர் நீனோங், தகப்பன் ஸ்தானம். விருந்தில் நீனோங் மைக்கைப் பிடித்தார்.

"மாப்பிள்ளைக்கு ரெண்டு சேதி. ஒண்ணு, இன்னைலேர்ந்து நீ குடும்பஸ்தன். இன்னொண்ணு, இன்னைலேர்ந்து நீ சார்டின் மீன் கம்பெனி ஆளு. காலையிலதான் கையெழுத்தாச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். என் அம்மா, பதவி உயர்வா என்று பக்கத்தில் விசாரித்தாள்.

"பதிலுக்கு எங்களுக்கு யாரு வர்றா, நீனோங்?" என்று ருப்பெர்த்தோ கேட்டார்.

"நல்ல உசரமான பையன்டா. உன்னையும் இன்னொருத்தனையும் சேத்துக் குடுக்குறோம்."

"அந்த இன்னொருத்தன் யாரு?"

"இன்னும் முடிவாகல."

ருப்பெர்த்தோ உட்கார்ந்து, பாதியில் விட்ட பன்றி வறுவலைத் தொடர்ந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கா சொல்றது?"

"நேர்ல சொன்னாரே, அதைச் சொல்லு. போன தடவை ஜீப்னி பஸ்ல போறப்ப ரேடியோவுல கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது."

திங்கட்கிழமை சார்டின் அணிப் பயிற்சிக்குப் போனார். எங்கள் பாகியோ தேனிலவுப் பயணம் அத்தோடு நின்றது. பிறகு பேட்டரி, சிமென்ட், சோப்பு. ஒவ்வோர் இடத்திலும் கோச்சுகளின் கைச் சாடைகளை மனப்பாடம் செய்தார். தூக்கத்தில்கூடச் சில சமயம் கை அசையும்.

பன்னிரண்டாவது வருடம் நூடுல்ஸ் அணி. வயது முப்பத்தாறு. பெயின்ட் அணியோடு அரையிறுதி. எங்கள் ஆட்களில் இரண்டு பேர் ஃபவுல் நிறைந்து வெளியேற, ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார, கோச் பெஞ்சை இரண்டு முறை பார்த்துவிட்டு ருப்பெர்த்தோவை அனுப்பினார். எங்களுக்கு ஒரு புள்ளி முன்னணி, பதினோரு விநாடி மிச்சம், பந்து அவர்களிடம்.

பெயின்ட் கோச் காதைத் தொட்டார்.

"காதைத் தொட்டுட்டாரு! இடது மூலைக்குத்தான் போகும்! ஓடுங்கடா!" என்று ருப்பெர்த்தோ கத்தியது எனக்கு மேல் வரிசை வரை கேட்டது.

பந்து இடது மூலைக்குத்தான் போனது. எங்கள் அணிப் பையன் பாய்ந்து பிடித்தான். ஜெயித்துவிட்டோம்.

டிவிக்காரர் மைக்கை நீட்டியதும், "நான் அங்க இருந்தப்பவே அந்தச் சாடையை மாத்தச் சொன்னேன்," என்றார்.

மறுநாள் பேப்பரில் வந்த புள்ளிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எல்லாம் பூஜ்யம். பந்தை அவர் தொடவே இல்லையே. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைச் சரியா போட்டுருக்கான்," என்றார். காபி ஆறிப்போயிருந்தது. வேறு கலந்து கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை.

சீசன் முடிந்த வாரம் நீனோங் போன் செய்தார். பெயின்ட் அணி ருப்பெர்த்தோவைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தது, இரண்டு வருட ஒப்பந்தத்தில்.

"ஆட விடுவீங்களா, நீனோங்?"

"எதிரணியில நின்னு கத்தாம இருந்தா போதும்டா."

இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோச் எல்லாச் சாடைகளையும் மாற்றினார். புதியவற்றை இவருக்கு மட்டும் சொல்லித் தரவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் எங்கள் பேட்டையின் ஞாயிற்றுக்கிழமை அணியில் பெயர் கொடுத்தார். எதிரணிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்: "தொழில் ஆட்டக்காரனை எறக்குறது நியாயமா?"

"ரெண்டு வருஷமா ஆடவே இல்லப்பா. வேணும்னா பேப்பரை எடுத்துப் பாருங்க," என்று ருப்பெர்த்தோவே வாதாடினார். ஒப்புக்கொண்டார்கள்.

அன்று முப்பத்தொரு புள்ளி எடுத்தார். நான் பார்த்து அவர் அவ்வளவு எடுத்ததே இல்லை. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனார்.