இருநூற்றுப் பதினான்கு எறும்புகள்

சனிக்கிழமை காலை அருள்ராணி கம்ப்யூட்டரைத் திறந்தபோது, திரையின் மூலையில் இருக்கும் சின்ன மேகப் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது. நல்ல நாளிலேயே பொம்மிடியில் நெட் நொண்டியடிக்கும். அதனால் அவள் பதறவில்லை. உலை வைத்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போனாள். சோறு வடித்துவிட்டுத் திரும்பி வந்தும் குறி நகரவில்லை. அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த மேகத்துக்குள் அவளுடைய நாலு வருடம் இருந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு வினா வங்கி. கேள்விகளை எழுதியவள் சுகுணா, படங்களை வரைந்தவள் அருள்ராணி. இரண்டு பேரும் மொரப்பூரில் ஒரே தனியார் பள்ளியில் ஆசிரியைகள். இரண்டு பேரும் பொம்மிடியிலிருந்து தினமும் ஒரே ரயிலில் போகிறவர்கள். புட்டிரெட்டிப்பட்டி தாண்டுவதற்குள் ஒரு பாடத்துக்கான கேள்விகளைப் பேசி முடித்துவிடுவார்கள். ஒருத்தி முன்னால் ஏறினால் இன்னொருத்திக்குத் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். போன மாதம் முழுக்க சுகுணாவுக்குக் கண் எரிச்சல். ஓடுகிற ரயிலில் அவள் தலையை மடியில் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, ஆடாமல் சொட்டு மருந்து விட்டவள் அருள்ராணிதான். “உன் கைராசி ராணி, வூட்ல அவர் விட்டா கன்னத்துலதான் வுழுது” என்று சுகுணா சொல்லுவாள்.

சேலத்தில் ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போட ஒத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை இருவரும் நேரில் போய் எல்லாவற்றையும் கொடுப்பதாக ஏற்பாடு. அட்டையில் இரண்டு பெயரும் வரும். அருள்ராணியின் பெயர் இதுவரை அச்சில் வந்தது ஒரே தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதற்காக அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் ஒரு வாரமாக ஆட்டுக்கல்லைக் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அந்த அட்டையைத்தான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஒரு எறும்பு ஒளிந்திருக்கும். இதயப் படத்தில் கீழறையின் சுவரில் ஏறும். தக்காளியின் குறுக்குவெட்டில் விதைக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டும். பிள்ளைகளிடம் படத்தைப் பாருங்கள் என்றால் யார் பார்க்கிறார்கள்? எறும்பைக் கண்டுபிடி என்றால் ஒரு பாகம் விடாமல் உற்றுப் பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்தே படம் மனசில் பதிந்துவிடும். பள்ளியில் அவளுக்கு எறும்பு மிஸ் என்றுதான் பெயர். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படம், இருநூற்றுப் பதினான்கு எறும்பு. காகிதத்தில் எதுவும் கிடையாது. கணவன் ஆண்டோ வாங்கிக் கொடுத்த, கம்ப்யூட்டரில் செருகும் வரைபலகையில் பேனா வைத்து நேராகக் கம்ப்யூட்டரிலேயே வரைந்தவை. பலகையும் மலிவு, கம்ப்யூட்டரும் பழசு, அதனால்தான் எல்லாவற்றையும் நெட் வழியாக மேலே கிளவுடில் வைப்பது என்று முடிவானது. இங்கே சேமித்தால் அங்கே சுகுணா வீட்டிலும் தானாகப் போய் உட்காரும்.

நெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். செல்போனிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தாள். யூடியூப் ஓடியது, மேகம் ஓடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இடம் நிரம்பிவிட்டதோ என்று பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. கடிகாரம் தப்பாக இருந்தாலும் இப்படி ஆகும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் அதையும் சரிபார்த்தாள். கடைசியில் அந்த மேகத்தின் மேலேயே அழுத்தினாள். மறுபடி உள்ளே நுழையுங்கள் என்று கேட்டது. பாஸ்வேர்டைப் போட்டாள். தவறு என்றது. எழுத்து எழுத்தாகத் தட்டிப் போட்டாள். தவறு என்றது.

கணக்கு ஒன்றுதான், இரண்டு பேருக்கும் பொது. நாலு வருடத்துக்கு முன்னால் ஸ்டேஷன் எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அதைத் தொடங்கும்போது போன் நம்பர் கேட்டார்கள். அருள்ராணியின் நம்பர் ஆண்டோ பெயரில் இருந்தது, அன்றைக்குப் போனும் அவனோடு ஓசூர் கம்பெனிக்குப் போயிருந்தது. சுகுணா தன் நம்பரைக் கொடுத்தாள். அருள்ராணிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி ஆண்டோ போனுக்குப் போகும். ரேஷன் கார்டுக்கும் அங்கேதான். அவளுடைய பேங்க் கணக்குக்குக்கூட அவன்தான் எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தன் வீட்டுச் சாவி எப்போதும் இன்னொருவர் இடுப்பில் இருப்பது பழகிப்போனவளுக்கு, இன்னொரு சாவி இன்னொரு இடுப்புக்குப் போனது உறுத்தவில்லை. உறுத்தியிருக்க வேண்டும்.

சுகுணாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அக்கா, கிளவுடு சிங்க் ஆவ மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு வேற வருது. மாத்துனீங்களா?”

“நா எதுக்கு மாத்தறேன்? எனக்கும் காலைல இருந்து மக்கர் பண்ணிட்டுத்தான் இருந்துச்சு. இப்பத்தான் சரியாச்சு. செவப்புப் பெருக்கல் காட்டுதா?”

“ஆமாங்கக்கா.”

“அதேதான். உள்ள ஃபோல்டர் கெட்டுப்போச்சு ராணி. நவநீதன் ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டக் கேட்டுச் சொன்னாரு. அத வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணாலும் ஏறாது. கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபோல்டர மொத்தமா அழிச்சுரு. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணு. அப்பறம் புதுசாப் போட்டா மேல இருந்து எல்லாம் தானா எறங்கிக்கும்.”

நவநீதன் என்பது சுகுணாவின் கணவர், தருமபுரியில் ஒரு அலுவலகத்தில் வேலை. கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பேர் வாங்கியவர். இருந்தாலும் அருள்ராணிக்கு விரல் தயங்கியது.

“அழிக்கறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கட்டுங்களா?”

“கெட்டுப்போனதையே காப்பி எடுத்து வெச்சீன்னா நாளைக்கு அதே கோளாறுதான் மறுபடி வரும். மேலதான் அத்தனையும் பத்திரமா இருக்குதே. எங்கிட்ட இல்லையா? நா லைன்லயே இருக்கறேன், நீ பண்ணு.”

எங்கிட்ட இல்லையா என்ற ஒரு வார்த்தை போதும். நாலு வருடமாக இடம் பிடித்து வைத்தவள் சொல்கிறாள். அருள்ராணி எடுத்த பென்டிரைவைத் திரும்ப டப்பாவில் போட்டாள். ஃபோல்டரை அழித்தாள். ரீசைக்கிள் பின்னைத் திறந்து, நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்தினாள். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது.

“ஆச்சுங்கக்கா, ஆச்சு.”

“எல்லாம் போயிருச்சா? ஒண்ணும் மிச்சமில்லயே?”

“ஒண்ணுமில்லீங்க.”

“செரி. இப்பப் புதுசாப் போட்டுட்டு, பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு குடு. ஓடிபி எனக்கு வரும், சொல்றேன்” என்று சுகுணா போனை வைத்தாள்.

அருள்ராணி சொன்னபடி செய்தாள். எண்ணை அனுப்பிவிட்டதாகத் திரை சொன்னது. போன் போட்டாள். “வரலையே ராணி, இங்க டவர் சரியில்ல” என்றாள் சுகுணா. பத்து நிமிடம் கழித்து, எண்ணை மறுபடி அனுப்பும்படி திரையில் அழுத்திவிட்டு அருள்ராணி கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னும் நாலு தடவை அடித்தாள். பாவம், குளிக்கப் போயிருப்பாள் என்றுதான் அப்போதும் நினைத்தாள். நினைத்துவிட்டுக் குழம்புக்குப் புளி கரைத்தாள்.

புளி கரைத்த கையோடு ஓசூரில் இருந்த ஆண்டோவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இரண்டு தடவை கேட்டுவிட்டு வெளியே வந்து பேசினான்.

“பாஸ்வேர்ட யாரோ மாத்தியிருக்காங்க. அதனால உன்ன வெளிய தள்ளியிருக்குது, அவ்ளோதான். உன் கம்ப்யூட்டர்ல இருந்தது உங்கிட்டயேதான் இருந்திருக்கும், கெட்டெல்லாம் போயிருக்காது. நீ எதுக்கு அத அழிச்ச?”

“அக்கா சொன்னாங்க.”

“கடைல குடுத்துப் பாக்கலாம், சில சமயம் மீட்டுக் குடுப்பாங்க. நீ இனிமே அதத் தொடாத, அணைச்சு வை” என்றான். அவன் குரலில் நம்பிக்கை இல்லை. அவளைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். காலையிலிருந்து அவள் மல்லுக்கட்டிய சிவப்புக் குறிதான் அதுவரை அவளுடைய படங்களைக் காவல் காத்திருக்கிறது. மேலே கிளவுடின் வாசல் பூட்டப்பட்டதால், கீழே இவள் கம்ப்யூட்டருக்குள் இருந்ததை அங்கிருந்து யாராலும் தொட முடியவில்லை. தொட முடியாததை அவள் கையாலேயே அழிக்க வைத்தாயிற்று. எவ்வளவு பொறுமையாக, லைனிலேயே இருந்து, ஒண்ணும் மிச்சமில்லயே என்று கேட்டு. அருள்ராணிக்கு அழுகை வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது அக்கம்பக்கத்துச் சண்டையில் சொல்லுகிற சும்மா வார்த்தை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அப்படியும் மனசின் ஒரு மூலை சுகுணாவுக்காக வாதாடிக்கொண்டே இருந்தது. நவநீதன் மாற்றியிருப்பார், அக்காவுக்குத் தெரியாது. கண் தெரியாமல் எதையோ அழுத்தியிருப்பாள். சாயங்காலம் நேரே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் எல்லாம் தெளிந்துவிடும். ஸ்டேஷன் தாண்டி நாலு தெருதானே.

பன்னிரண்டு மணிக்கு ஆசிரியைகளின் வாட்ஸாப் குழு கிணுகிணுவென்று அடித்தது. வாழ்த்துகள் மேடம், வாழ்த்துகள் மேடம் என்று வரிசையாகப் பூங்கொத்துகள். மேலே தள்ளிக்கொண்டே போனாள். புத்தக அட்டை ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் வினா வங்கி. ஆக்கமும் படங்களும்: ந. சுகுணா. திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொன்னது புத்தகமாகவே முடிந்து நின்றது. அட்டைக்குக் கீழே மாதிரிக்குப் பத்துப் பக்கம்.

முதல் பக்கத்தைத் திறந்தாள். அவள் வரைந்த இதயம். பெருந்தமனி வளைகிற இடத்தில் தன் கை எப்போதும் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடுக்கல் அப்படியே இருந்தது. கீழறைச் சுவரைப் பார்த்தாள். எறும்பு இல்லை. விரலால் பெரிதாக்கினாள். எறும்பு இருந்த இடத்தில் அறுந்திருக்க வேண்டிய கோட்டை யாரோ நுணுக்கமாக ஒட்டவைத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் தவிரத் தெரியாது. தக்காளியில் விதைக்குப் பின்னால் பார்த்தாள். இல்லை. சிறுநீரகத்தில் இல்லை. செம்பருத்தியின் சூல்பையில் இல்லை. பத்துப் பக்கத்திலும் சேர்த்துப் பதினோரு படம், பதினொன்றிலும் எறும்பு போன இடம் தெரியாமல் கோடு சேர்ந்திருந்தது.

எறும்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவளைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாமல்தான் இருந்தது. பொங்கல் கழிந்து ஒரு நாள் ரயிலில் சுகுணாதான் கேட்டாள்: “எந்தப் படத்துல எங்க ஒளிச்சு வெச்சேன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு ராணி, பின்னாடி விடைப் பக்கம்னு போட்டுரலாம், புள்ளைங்க ஆசையாப் பாக்கும்.” அருள்ராணிக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, படத்தின் எண், பாகத்தின் பெயர், இடமா வலமா என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தாள்.

ஒரு எறும்பை வரைய அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். வரைவதைவிட அழிப்பது கஷ்டம். அழித்த இடத்தில் கோட்டைச் சேர்த்து, புள்ளி வைத்து, நிழலை மறுபடி நிரப்ப வேண்டும். பழக்கமில்லாத கைக்குக் கால் மணி நேரமாவது பிடிக்கும். அப்படி இருநூற்றுப் பதினான்கு. ஒரு நாள் புத்தி பிசகிச் செய்கிற காரியம் இல்லை இது. பள்ளி விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, திரைக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் செய்திருக்க வேண்டும். மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்த மூலை அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

சார்ஜரை எடுக்கக் கைப்பைக்குள் கைவிட்டபோது விரலில் சின்னக் குப்பி தட்டுப்பட்டது. சொட்டு மருந்து. சுகுணா மறந்துவிடுவாள் என்று அதை இவள் பையிலேயே வைத்திருந்தாள். அதிகம் திரையைப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதாக சுகுணா சொல்ல, வினாத்தாள் அடிக்கிற வேலையில் பாதியை அருள்ராணி வாங்கிக்கொண்டதும் அந்த மாதத்தில்தான். ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்துச் சிவந்து வீங்கியிருந்த அந்தக் கண் அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. தன் கட்டைவிரல் இமையை விரித்துப் பிடித்ததும், மருந்து விழுந்ததும் சுகுணா அவள் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

குழுவில் வாழ்த்துகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. எறும்பு மிஸ் எங்கே, இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லையே என்று யாரோ கேட்டிருந்தார்கள். அருள்ராணி குழுவை விட்டு வெளியே வந்து சுகுணாவின் பெயரைத் திறந்தாள். முதலில் நீளமாக ஏதேதோ அடித்தாள். அடித்ததை எல்லாம் அழித்தாள். பிறகு ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினாள்.

“அக்கா, இப்பக் கண்ணு எப்படி இருக்குதுங்க?”

கொஞ்ச நேரத்தில் இரண்டு குறியும் நீலமாக மாறின. சுகுணா படித்துவிட்டாள். ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு அதுவும் நின்றது.