ஜன்னல் குடும்பம்

கல்லூரியில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். வைத்த மாணவர்களுக்கே இப்போது தலை நரைத்திருக்கும். சற்றுக் குனிந்த நடையும், எதிரில் இருப்பவர் பேச்சை முடிப்பதற்குள் "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிடும் பழக்கமும் சேர்ந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சமூகவியல் பேராசிரியை என்றால் சும்மாவா? அடுத்தவர் வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே முனைவர் பட்டமும் பதவி உயர்வும் வாங்கியவள். ஆனால் ஓய்வு பெறப்போகும் அந்த வாரத்தில் அவளைக் குடைந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். கடைசி வகுப்புக்கு அக்காவை வரவிடாமல் செய்வது எப்படி?

எல்லாம் துறையின் இளம் விரிவுரையாளன் செய்த வேலை. அவளிடமே படித்தவன். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி நாலு பேரை மாட்டிவிடுகிற ரகம். மேடம் வீட்டு ஆட்கள் முன்வரிசையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவனாகவே நினைத்து, அவனாகவே எண்ணைத் தேடிப் பிடித்து, அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான். மேடத்திடம் சொல்லாதீர்கள் என்று வேறு சொல்லியிருக்கிறான். அக்கா வாயில் அது தங்கினால் அல்லவா? அவன் போனை வைத்த கையோடு தங்கைக்கு அழைப்பு வந்துவிட்டது.

"ஏண்டி, இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நீ என்ன சொல்லிக்குடுக்கறன்னு பாக்கக் கூப்பிட்டியா? எவனோ ஒரு பையன் கூப்பிட வேண்டியிருக்கு."

"நீ வந்து என்னக்கா பண்ணப்போற? எல்லாம் மர பெஞ்சு. உன் இடுப்பு தாங்காது."

"தலையணை எடுத்துட்டு வரேன்."

"மாடி வேற ஏறணும்."

"உன்ன இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு ஏறாத மாடியாடி? வரேன்னா வரேன். அவரு கொண்டுவந்து விட்டுட்டு, முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போவாரு."

அக்கா வந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகிவிடும்தான்.

கடைசி வகுப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று மாணவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியிருந்தார்கள். ஜன்னல் குடும்பம் வென்றது. வேறு எது வெல்லும்? அவளுடைய முனைவர் ஆய்விலிருந்து பாடப்புத்தகத்துக்கு ஏறி, வருஷா வருஷம் வகுப்பைச் சிரிக்க வைத்த குடும்பம் அது. கணவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மூன்று மகன்கள். அடிதடி இல்லை, குடி இல்லை, வெளியே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் இல்லை. மனைவியோடு நேராகப் பேசமாட்டார், அவ்வளவுதான். ஜன்னலைப் பார்த்து, "டீ ஒண்ணு வந்தா நல்லா இருக்கும்" என்பார். டீ வரும். "அந்தச் சட்டை காஞ்சிருந்தா நல்லா இருக்கும்" என்பார். சட்டை வரும். ஜன்னலே கொண்டுவந்து கொடுத்தது போல வாங்கிக்கொள்வார். நாளடைவில் மனைவியும் ஜன்னல் பக்கமாகவே நின்று பழகிவிட்டாள், காதில் விழ வேண்டுமே. பேராசிரியை அந்தக் கணவரின் குரலில் மூக்கால் இழுத்துப் பேசிக் காட்டும்போது பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள். விடுதியில் யாராவது முகம் கொடுத்துப் பேசாவிட்டால் 'அவன் ஜன்னலாகிட்டான்' என்று சொல்லும் அளவுக்கு அது பரவியிருந்தது.

உண்மையில் அந்தக் கணவர் மின்சார அலுவலகத்தில் கணக்கர். மூன்று மகன்கள் என்று எழுதியது இரண்டு மகள்களை. ஜன்னல் என்று எழுதியது சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தை. அது அக்காவின் வீடு.

இளம் வயதில் அவள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த குடியிருப்பில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. திறந்தவர்களும் 'நாங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்' என்று ஒரே வரியில் அனுப்பிவைத்தார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார். அப்போது அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டு மாடியறையில். அக்கா தட்டில் போடப் போடச் சாப்பிட்டாள். அத்தனையும் பார்த்தாள். மாடிக்குப் போய் எழுதினாள். வழிகாட்டி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதாம்மா உன் ஆய்வு. ஆனா களத்துல கை வெச்சிடாத. நாம பாக்கத்தான் போறோம், திருத்தப் போகல." அந்த வாக்கியத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் தன் மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். என்ன வசதி பாருங்கள். வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு ஒரு முறையியல் கிடைத்துவிட்டது.

எப்போதாவது ஒரு மாணவி கேட்பாள். "மேடம், அந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க?" "தொடர் ஆய்வு பண்ணலம்மா" என்பாள் பேராசிரியை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அம்மா கையால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள். அந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் காது மடல் சுடும். சுடுவதோடு சரி.

பாடத்தை மாற்றப் பார்த்தாள். "கடைசி வகுப்புதானே, கொஞ்சம் கனமா ஏதாவது எடுக்கறேனே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி…" விரிவுரையாளன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "மேடம், சுவரொட்டி அடிச்சாச்சு." அடித்துத்தான் இருந்தார்கள். ஜன்னலுக்கு முன்னால் ஒரு மீசைக்காரர் கைகட்டி நின்றார். அவரை ஒட்டாத தூண் கட்டடத்தில் இல்லை.

சரி, முன்கூட்டியே அக்காவிடம் சொல்லிவிடுவோம் என்று ஒரு சாயங்காலம் கிளம்பிப் போனாள். அக்கா அவளை மாடிக்கு அழைத்துப் போனாள். அந்த அறையில் பழைய மேஜை அப்படியே இருந்தது. மேஜை விரிப்பைக் கூடத் துவைத்துப் போட்டிருந்தாள். "யார் வந்தாலும் காட்டுவேன். என் தங்கச்சி இங்க உக்காந்துதான் பெரிய படிப்பு படிச்சான்னு. விளக்கு அணையவே அணையாதுன்னு." அக்கா மேஜையைக் கையால் துடைத்தாள். "ராத்திரி நீ எழுதற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். வீட்டுல நமக்குன்னு ஒரு ஆள் முழிச்சிருக்குன்னு தோணும்." பேராசிரியை தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அக்கா தலையணையோடு வந்தாள். விசேஷத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்து, பக்கத்து மாணவியிடம், "சின்னதுல இவ ஆனா ஆவன்னாவே ஒழுங்கா எழுதமாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தது மேடை வரைக்கும் கேட்டது.

சட்டுப்புட்டென்று முடித்துவிடலாம் என்றுதான் பேராசிரியை நினைத்தாள். திரையில் குடும்ப விவரம் விழுந்தது. வழக்கம்போல வாசித்தாள். கணவர், மருந்துக்கடை. மகன்கள் மூவர். மனைவிக்கு உடன்பிறந்தோர் யாரும் இல்லை. அந்தக் கடைசி வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. குரல் மாற்றிப் பேசும் பகுதியைத் தாண்டிப் போகப் பார்த்தபோது பின்வரிசை விடவில்லை. "டீ மேடம், டீ!" என்று கத்தினார்கள். கூடம் முழுக்கக் கைதட்டியது. என்ன ஏது என்று தெரியாமலே அக்காவும் தட்டினாள்.

தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கைதட்டல் என்றால் அவளுக்கு ஒரு சபலம் உண்டு. அந்த வயதிலும் அது விடவில்லை. முதுகை நிமிர்த்தி, பக்கவாட்டில் திரும்பி, மூக்கால் இழுத்து, "டீ ஒண்ணு வந்தா… நல்லா இருக்கும்" என்றாள். கூடம் அதிர்ந்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் அக்காதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பக்கத்து மாணவியின் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் நீரே வந்துவிட்டது. பேராசிரியைக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் அக்கா இல்லாத இடத்தில் அக்காவை வைத்துச் சிரிப்புக் காட்டினாள். இன்றைக்கு அவளையே உட்காரவைத்து, அவளையே சிரிக்கவும் வைத்துவிட்டாள். மீதிப் பாடத்தை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

வகுப்பு முடிந்து துறை அறையில் தேநீர். விரிவுரையாளன் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா தலையணையை மடியில் வைத்தபடி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் நடிக்கறடி. வயிறே வலிக்குது." பிறகு அவள் குரல் இறங்கியது. "ஆனா நெனச்சுப் பாத்தா பாவமா இருக்கு. அந்தப் பொண்ணு எப்படித்தான் இருந்தாளோ. இவருகூட கொஞ்சம் அப்படித்தான், கடிகாரத்தப் பாத்துப் பேசுவாரு. ஆனா இவருக்குக் கூச்ச சுபாவம். அந்த ஆளுக்குத் திமிரு. அது வேற, இது வேற."

"ஆமாக்கா. வேறதான்." பேராசிரியை பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீ அந்த வீட்டுல போய் உக்காந்து பாத்தல்ல? ஒரு வார்த்தை சொல்லலியா? பக்கத்துலதானே நிக்குறாங்க, மூஞ்சியப் பாத்துப் பேசுங்கன்னு?"

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. ஆய்வுல அது தப்பு."

"என்ன எழவு ஆய்வோ." அக்கா தேநீரை ஊதினாள். "நீ வெளியாளு, உன்னச் சொல்லி என்ன ஆகப்போகுது. அவளுக்கும் கூடப் பொறந்தது ஒண்ணும் இல்லைன்னு போட்டிருந்துச்சே. ஒரு தங்கச்சி இருந்திருந்தா விட்டிருப்பாளா? அந்த ஜன்னலையே பேத்து எடுத்திருப்பா."

பேராசிரியைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கையில் கார் சாவி. "நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்று மைத்துனியைக் கேட்டார். விரிவுரையாளனிடம் மாடிப்படி செங்குத்தாக இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருட்டறதுக்குள்ள கிளம்புனா… நல்லா இருக்கும்," என்றார். லேசாக மூக்கால் இழுக்கிற குரல்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள், தலையணையோடு எழுந்தாள். பழக்கம். விரிவுரையாளன் மட்டும் ஊற்றிய கையோடு நின்றுவிட்டான். கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கடைசியாகத் தன் பேராசிரியையைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அவனிடம் இதற்கு முன் கண்டதில்லை.

"மாமா." பேராசிரியையின் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "அக்கா உங்க பக்கத்துலதான் நிக்குறா. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் என்னம்மா தப்பாச் சொன்னேன்? கிளம்பலாம்னுதானே?" என்று கேட்டுவிட்டு, துணைக்கு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தாள். தான் சற்றுமுன் சொன்ன சொற்களே திரும்பி வருகின்றன என்பது முதலில் உறைத்திருக்க வேண்டும். பிறகு விரிவுரையாளனையும் வழிந்து கிடந்த தேநீரையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒட்டியிருந்த சிரிப்பின் மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க போய் வண்டிய எடுங்க," என்றாள் கணவரிடம். அவர் போனார்.

பேராசிரியை மாடிப்படியில் அவள் பின்னாலேயே ஓடினாள். தலையணையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. இடுப்பு வலியோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"அக்கா, பேரு எதுவும் போடல. யாருக்கும் தெரியாது. எல்லாத்தையும் மாத்தித்தான் எழுதுனேன்."

அக்கா ஒரு படியில் நின்றாள்.

"பாத்தேன். கணக்கர மருந்துக்கடைக்காரர் ஆக்கிட்ட. என் பொண்ணுங்கள பசங்களாக்கிட்ட. கடிகாரத்த ஜன்னல் ஆக்கிட்ட." திட்டுகிற குரலே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைன்னு எழுதுன பாரு, அது ஒண்ணத்தான்டி மாத்தாம எழுதியிருக்க."

கீழே வண்டி கிளம்பத் தயாராகும் சத்தம் கேட்டது. அக்கா தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கிப் போனாள்.