‘ராய்’ என்று சொன்னவன்

பாரிசில் எங்கள் மோபேர் சந்தில் போலீஸ்காரனை ஒரு காலத்தில் ‘ராய்’ என்போம். திருடர்களின் சொல், வெளியாளுக்குப் புரியாது, அதுதான் அதன் பெருமையே. பிறகு எவனோ ஒரு கதாசிரியன் அதைப் பத்திரிகைத் தொடர்கதையில் போட்டு, அடியில் அர்த்தமும் எழுதிவிட்டான். மறுவாரமே சீமான் வீட்டுப் பெண்கள் காபி குடித்துக்கொண்டே ராய், ராய் என்று கொஞ்சினார்கள். நாங்கள் அந்தச் சொல்லைத் தலைமுழுகினோம். ஆனால் மாறுவேடத்தில் வரும் போலீஸ் உளவாளிகள் எங்கள் பேச்சைப் படித்ததே அந்தத் தொடர்கதையில்தான். ஆகவே ராய் என்று வாயெடுப்பவன் போலீஸ் ஆள். அதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது.

துலோன் சிறையில் இருபத்திரண்டு வருடம் கிடந்துவிட்டு, தெயோதூல் ஒரு நடுப்பகலில் என் மதுக்கடைக்குள் நுழைந்தான். பாரிசில் கால் வைக்க அவனுக்கு அனுமதி இல்லை. ஒளிய இடம் கிடைக்காவிட்டால் திரும்பவும் சிறைதான். வெங்காய சூப்பை ஊதி ஊதிக் குடித்தான். பிறகு பக்கத்து மேசை லியோன்ஸிடம் திரும்பினான். பூட்டுடைக்கும் கூட்டத்துக்கு இப்போது லியோன்ஸ்தான் தலைவன்.

“தம்பி, ரெண்டு வாரம் தலைசாய்க்க ஒரு மூலை பாத்துக் குடு. ராய் என்னைத் தேடறான்.”

லியோன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

“யாரு தேடறா, பெருசு? இன்னொரு வாட்டி சொல்லு.”

“ராய்தான்டா! காது மந்தமா உனக்கு?”

லியோன்ஸ் சிரித்தான். “பாடம் நல்லாத்தான் படிச்சிருக்க. கதை எத்தனாவது வாரம் ஓடுது?”

“என்னடா உளர்ற? இது நம்ம பேச்சுடா! ஸெலி, நீயாவது சொல்லேன்!” என்று என் பக்கம் திரும்பினான்.

“அடேங்கப்பா, கடைக்கார அக்கா பேரைக்கூட விசாரிச்சு வெச்சிருக்கான்!” என்றான் லியோன்ஸ்.

எனக்கு அவனைத் தெரியும். பதினாறு வயதில் அவனோடு நடனத்துக்குப் போனவள் நான். சொன்னால் அடுத்த சந்தேகம் என்மேல் விழும்.

“யாருன்னே தெரியலப்பா,” என்றேன், கோப்பையைத் துடைத்தபடி. வெட்கமாகத்தான் இருந்தது.

லியோன்ஸின் ஆட்கள் அவனை அடித்துச் சாக்கடையில் தள்ளினார்கள். வாசலில் கிடந்த இரண்டு பற்களை நான்தான் கூட்டினேன். தெருமுனையிலேயே போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது.

மூன்று மாதம் கழித்து வந்தான், புதுக் கோட்டுடன். பார்த்ததும் எல்லோரும் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்கள்.

“போலீஸ்லயே சேந்துட்டியா? வெக்கமா இல்ல?” என்றேன்.

“இருக்கு,” என்றான். “ஆனா அங்க நான் பேசறது எல்லாருக்கும் புரியுது, ஸெலி. சூப் இருக்கா?”

ஊற்றி வைத்தேன். பல் போன பக்கம் படாமல் மெதுவாகக் குடித்தான்.